நான்கு ஆண்டுகளாக கியூஇஎம்யூவில் சோதனை நிரல்கள்: என் அனுபவம்

சொந்தமாக ஒரு சின்ன 32-பிட் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து என் சோதனை நிரல்கள் எல்லாம் ஓடுவது கியூஇஎம்யூவில்தான். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட எமுலேட்டர் இது, அதாவது ஒரு முழுக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்; இலவசம், திறந்த மூலம். நிறுவுவதில் எனக்குச் சிக்கல் வந்ததில்லை, நேராக டீபக்கிங்குக்கு, அதாவது பிழை தேடுவதற்கு வருகிறேன்.

கியூஇஎம்யூவைத் தொடங்கும்போது சிறிய எஸ், பெரிய எஸ் (-s, -S) இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்தால் முதல் கட்டளைக்கு முன்பே சிபியு நின்றுவிடும். 1234-ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து, கட்டளை கட்டளையாக நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் என்னைக் காப்பாற்றியது இன்டரப்ட் லாக்தான்; சிபியுவுக்கு வரும் குறுக்கீடுகளையும் பிழைகளையும் எண்ணோடு எழுதிவைக்கும் பதிவு அது.

ஒருமுறை கர்னல் ஏறிய உடனே ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. திரை மினுங்குவதைத் தவிர ஒரு தடயமும் இல்லை. இரண்டு நாள், நினைவக முகவரிகளை மேப் செய்யும் பேஜ் டேபிளைச் சந்தேகித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு ரீபூட்டை முடக்கி லாக்கை ஓடவிட்டேன். முதலில் 14, பேஜ் ஃபால்ட்: தொடக்கூடாத நினைவகப் பக்கத்தைத் தொட்ட பிழை. அடுத்து 8, டபுள் ஃபால்ட்: அதைக் கையாளப் போகும்போதே வந்த இன்னொரு பிழை. கடைசியில் டிரிபிள் ஃபால்ட்: அதையும் கையாள முடியாமல் கணினி ரீபூட் ஆகும் நிலை. பேஜ் ஃபால்ட் நேர்ந்த முகவரியைச் சிபியு குறித்து வைக்கும் சிஆர்2-இல் இருந்த முகவரி, ஸ்டாக்கின் (நிரலின் தற்காலிக மதிப்புகள் அடுக்கப்படும் நினைவகம்) நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டருக்குச் சரியாக நான்கு பைட் கீழே! ஸ்டாக் தன் எல்லையைத் தாண்டி, மேப் செய்யாத பக்கத்தில் கால் வைத்திருக்கிறது. ஃபால்ட்டைக் கையாளவும் அதே ஸ்டாக்தான் வேண்டும், அதனால்தான் அடுத்தடுத்து விழுந்திருக்கிறது. நிஜக் கணினியில் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

கட்டளைகளை நிஜ சிபியுவிலேயே நேரடியாக ஓடவிடும் கேவிஎம் வேகத்தில் ஓடும்போது இந்த லாக் கிடைக்காது. அன்றாடச் சோதனைக்குக் கேவிஎம், பிழை தேடும்போது, கட்டளைகளை மென்பொருளால் மொழிபெயர்த்து ஓட்டும் மெதுவான டிசிஜி என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

தானியங்கிச் சோதனைக்கு ஐஎஸ்ஏ டீபக் எக்ஸிட் சாதனம் அருமை; கர்னல் அதில் ஓர் எண்ணை எழுதினால் கியூஇஎம்யூ மூடிக்கொண்டு ஒரு முடிவுக் குறியீட்டைத் தரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் எழுதும் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டித்தான் வெளியே தரும். 16 எழுதினால் 33. வழக்கமாக வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம் வரவே வராது, ஸ்கிரிப்ட்டை அதற்கேற்ப எழுதுங்கள்.

முழுதாக நம்பவும் கூடாது. கியூஇஎம்யூவில் நினைவகம் பூஜ்யங்களோடு தொடங்கும்; நிஜக் கணினியில் பழைய குப்பை எது வேண்டுமானாலும் கிடக்கலாம். தொடக்க மதிப்பு இல்லாத மாறிகளை நான் பூஜ்யமாக்க மறந்திருந்தேன். எமுலேட்டரில் மாதக்கணக்கில் ஓடிய கர்னல், நிஜக் கணினியில் முதல் நொடியிலேயே உறைந்தது. இப்போது சோதனைக்கான பூட்லோடர், கர்னலை ஏற்றும் முன் அந்த மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி முழுவதையும் வேண்டுமென்றே குப்பை மதிப்புகளால் நிரப்புகிறது. அப்படி நிரப்பிய முதல் நாளே இன்னும் இரண்டு பிழைகள் வெளியே வந்தன.