பத்து மாவுப்புழுவா, ஒரு கரண்டி முட்டையா?

டப்பாவின் மூடி திறக்கும் ஓசை கேட்டால் போதும், என் இரண்டு எலிகளும் கூண்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கும். மூத்தவள் மாவுப்புழுவை (மாவு வண்டின் இளம்புழு) இரு கைகளாலும் புல்லாங்குழல் போலப் பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து நிதானமாகத் தின்பாள்; தோலில் பாதியைக் கீழே போட்டுவிடுவாள். இளையவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கவ்வியதும் மூலைக்கு ஓடிவிடுவாள். பூச்சி எலிக்கு ஏற்ற உணவுதானா என்று இவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். எலி அனைத்துண்ணி, காட்டிலும் வயலிலும் பூச்சி கிடைத்தால் விடுவதில்லை.

ஆனால் எலி வளர்ப்பவர்கள் பலர் "புரதத்துக்காகப் பூச்சி கொடுக்கிறேன்" என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கணக்கு உதைக்கிறது.

உயிருள்ள மாவுப்புழு ஒன்றின் எடை ஏறத்தாழ 0.1 கிராம். அதில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். புரதம் சுமார் 19 சதவீதம், கொழுப்பு 13 சதவீதம். பத்துப் புழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து முடித்தாலும் எலியின் வயிற்றுக்குள் போகும் புரதம் 0.2 கிராம்தான். நாளொன்றுக்கு 20 கிராம் தீவனம் தின்னும் பெரிய எலிக்கு, அந்தத் தீவனத்தில் 14 சதவீதம் புரதம் இருந்தால், அதிலிருந்தே 2.8 கிராம் கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் 5 கிராம் அவித்த முட்டையை வைத்துப் பாருங்கள்: அதில் 0.6 கிராம் புரதம். அதாவது ஒரு சிறு கரண்டி முட்டைக்கு ஈடுகட்ட முப்பது புழு வேண்டும்.

எலிக்கு எவ்வளவு புரதம் தேவை என்பதும் பலர் நினைப்பதைவிடக் குறைவு. 1993 இல் அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம் ஆய்வக எலிகளுக்கு வகுத்த உணவுக் கலவை இரண்டு வகைப்படும். வளரும் குட்டிகள், சினையான எலிகள், பால் கொடுக்கும் தாய்கள் ஆகியவற்றுக்கான கலவையில் கேசின் என்னும் பால்புரதம் 20 சதவீதம். வளர்ந்து முடித்த எலிக்கு 14 சதவீதம். ஆக, தரமான தீவனம் தின்னும் வளர்ந்த எலிக்குப் புரதக் குறை என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. வயதான ஆண் எலிகளுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவது சாதாரணம். அளவுக்கு மீறிய தீனியும் கூடுதல் புரதமும் அதை விரைவுபடுத்தும். அவற்றுக்குப் புரதத்தைக் கூட்டிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்.

இதையெல்லாம் முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மாவுப்புழுவின் பெரிய பலம் அது தரும் நிம்மதி. தவிட்டில் கிடக்கும், கத்தாது, தாவாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் வளர்ச்சி மட்டுப்பட்டு வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். வெளியே மறந்துவிட்டால் கூட்டுப்புழுவாகி வண்டாகிவிடும், அவ்வளவுதான். இதன்மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு கொழுப்பு. உலர்நிலையில் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கணக்கை முட்டைக்கும் போட வேண்டுமல்லவா? தண்ணீரை நீக்கிவிட்டால் முழு முட்டையில் ஏறத்தாழ பாதி புரதம், ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பு. புழுவைக் கொழுப்பென்று ஒதுக்கிவிட்டு முட்டையை ஆரோக்கியம் என்று ஊட்டுவதில் நியாயம் இல்லை. கொழுப்புதான் கவலை என்றால் அவித்த வெள்ளைக்கருவைக் கொடுங்கள். அதில் கொழுப்பு அநேகமாகக் கிடையாது.

காய்ந்த மாவுப்புழுப் பொட்டலத்தில் "புரதம் 50 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொய்யில்லை, தண்ணீர் போனால் எந்தச் சதவீதமும் ஏறத்தான் செய்யும். ஒரு புழுவுக்குள் இருந்த புரதம் காய்ந்ததால் கூடிவிடவில்லை. கூடுவது நம் கை. உயிருள்ளதை எண்ணி எண்ணிக் கொடுக்கும் அதே ஆள் காய்ந்ததைப் பிடி பிடியாக அள்ளிப் போடுவார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கம். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் அதுவும் புரதக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. 2017 இல் மாவுப்புழு உள்ளிட்ட சில புழுக்களை ஆராய்ந்தவர்கள் 4.76 ஆல் பெருக்குவதே சரி என்றார்கள். அந்தக் கணக்குப்படி 50 என்பது 38 ஆகிவிடும்.

அடுத்து, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. இதைப் புகழ்பவர்கள் எடுத்ததும் கால்சியம் என்பார்கள். உண்மைதான். மாவுப்புழுவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கும் மேல். சோல்ஜர் ஈப்புழுவில் தலைகீழாகப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம். அதன் தோலிலேயே கால்சியம் படிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கால்சியக் கவலை முதலில் பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுடையது. அந்தப் பிராணிகளில் பலவற்றுக்குப் பூச்சியே முழுச் சாப்பாடு. அதில் கால்சியம் இல்லாவிட்டால் எலும்பு வளைந்துபோகும். எலிக்குப் பூச்சி தொட்டுக்கொள்ளும் பண்டம்தானே? கால்சியத்தைத் தீவனக் கட்டி பார்த்துக்கொள்கிறது. தானியங்களை வைத்து வீட்டிலேயே கலவை தயாரிப்பவர்களுக்கு நிலைமை வேறு. தானியம் எல்லாமே பாஸ்பரஸ் பக்கம் சாய்ந்தது. அங்கே சோல்ஜர் ஈப்புழு சேர்ந்தால் பயன் உண்டு. புரதத்திலும் கொழுப்பிலும் இது மாவுப்புழுவை ஒட்டியே வருகிறது, பெரிய வெற்றி எதுவும் இல்லை. ருசியில் என் மூத்தவள் தீர்ப்பு வழங்கிவிட்டாள்: முகர்ந்து பார்த்தாள், தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

எண்களை மட்டும் பார்த்தால் வெல்வது சிள்வண்டு, அதாவது ஆங்கிலத்தில் கிரிக்கெட் எனப்படும் பூச்சி. வளர்ந்த ஒன்று அரை கிராம் வரை இருக்கும். புரதம் 20 சதவீதம், கொழுப்பு 7 சதவீதம்தான். ஒரு சிள்வண்டு ஐந்து மாவுப்புழுவின் புரதத்தைப் பாதிக் கொழுப்போடு தருகிறது. புரதத்தின் தரத்தையும் எலியிடமே சோதித்திருக்கிறார்கள்: 1989 இல் வெளியான ஆய்வில், பால் மறந்த எலிக்குட்டிகளுக்குச் சோயாப் புரதத்தைவிட வீட்டுச் சிள்வண்டின் புரதம் மேலானதாக இருந்தது. வேறு எந்தப் பூச்சியும் தராத ஒன்றும் இதில் உண்டு. அது வேட்டை. காலிக் குளியல் தொட்டியில் ஒரு சிள்வண்டை விட்டபோது, வழக்கமாகத் துணிப்பையில் தூங்கி வழியும் இளையவள் மீசை முன்னால் குவிய, உடல் தரையோடு தாழ, இரண்டே தாவலில் பிடித்துவிட்டாள். பின்னங்கால்களையும் இறகுகளையும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு மீதியைத் தின்றாள்.

இவ்வளவு இருந்தும் நான் சிள்வண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டேன். ஆண் பூச்சிகள் இரவெல்லாம் கத்தும். செத்தவை நாறும், செத்துக்கொண்டேயும் இருக்கும். டப்பாவிலிருந்து தப்பிய ஒன்று புத்தக அலமாரிக்குப் பின்னால் குடியேறி ஒன்பது இரவு பாடியது. பத்தாம் நாள் தானாகவே ஓய்ந்தது; ஏன் என்று நான் துருவவில்லை. உறைய வைத்த சிள்வண்டில் சத்தம் இல்லை, வேட்டையும் இல்லை.

மெழுகுப்புழு கால்வாசி கொழுப்பு, புரதம் 14 சதவீதம்தான். எலிகளுக்கு உயிர். நோயில் இளைத்த எலியைத் தேற்ற ஓரிரண்டு கொடுக்கலாம், மற்றபடி அது இனிப்புப் பண்டம். சூப்பர் புழு என்பது பெரிய உருவமும் கூடுதல் கொழுப்பும் கொண்ட மாவுப்புழுவின் உறவு. குளிரில் வைத்தால் செத்துவிடும், கடிக்கவும் செய்யும். உயிருள்ள பட்டுப்புழுவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்.

வீட்டில் திரியும் கரப்பானையும் தோட்டத்தில் பிடித்த வண்டையும் இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை. மருந்தடித்த பூச்சியாக இருக்கலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிது ஒட்டுண்ணி. எலி நாடாப்புழுவின் முட்டை எலிப் புழுக்கையோடு வெளியேறும். அதை மாவு வண்டு போன்ற பூச்சி தின்னும். பூச்சிக்குள் அது இளம்பருவத்தை அடையும். அந்தப் பூச்சியை எலி தின்றால் வட்டம் முழுமையாகும். கரப்பான் வழியாக இதே பாணியில் எலிக்குள் நுழையும் முள்தலைப் புழுவும் உண்டு. எலி பூச்சி தின்பதை நம்பியே இந்த ஜீவன்கள் பிழைக்கின்றன.

முட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூச்சிப் புரதத்தில் பொதுவாகக் குறைபடும் அமினோ அமிலமான மெத்தியோனைன் இதில் தாராளம். பச்சையாக மட்டும் கொடுக்கக் கூடாது. வேகாத வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் என்னும் வைட்டமினை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். குட்டி ஈன்ற தாய்க்கும் பால் மறந்த குட்டிக்கும் உண்மையாகவே புரதம் கூட்ட வேண்டியிருந்தால் நான் எடுப்பது அவித்த முட்டைதான். வளர்ந்த பெண் எலிகளான என் இருவருக்கும் அது வாரம் ஒரு கரண்டி.

பூச்சியை நான் கூலியாக வைத்திருக்கிறேன். நகம் வெட்ட மடியில் உட்கார்ந்தால் ஒரு மாவுப்புழு, கூப்பிட்டதும் தோளுக்கு ஏறினால் இன்னொன்று. நாளுக்கு மூன்று நான்கைத் தாண்டுவதில்லை. அந்த அளவில் கொழுப்பும் கால்சியமும் பேச்சுக்கே வராது. ஒரே ஒரு கண்டிப்பு: கூண்டுக்குள் போய் மிஞ்சிய புழு, எவ்வளவு துடிப்பாக நெளிந்தாலும், தவிட்டு டப்பாவுக்குத் திரும்புவதில்லை. புழுக்கையின்மேல் ஊர்ந்தது அங்கே போய்ச் சேர்ந்தால், அந்த நாடாப்புழுவுக்கு நானே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.