நைட்ரோ ஹெலியில் ஹெட் ஸ்பீட்: கர்வ் மட்டுமா, தனி கவர்னரா, ஃப்ளைபார்லெஸுக்குள் இருக்கும் கவர்னரா?

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் ஹெலிகாப்டரில் கலெக்டிவ் பிட்ச் (எல்லா பிளேடும் ஒன்றாக மாறும் கோணம்) ஏறினால் பிளேடின் இழுவை கூடும், எஞ்சின் திணறும், ரோட்டர் வேகம், அதாவது ஹெட் ஸ்பீட், சரியும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகம் 5 சதவீதம் குறைந்தாலே விசையில் கிட்டத்தட்ட 10 சதவீதம் போய்விடும். வால் ரோட்டரும் அதே கியரில் ஓடுகிறது. ஹெட் ஸ்பீட் அலைந்தால் வாலின் பிடிப்பும் அலையும். வாலை நிறுத்தும் ஜைரோவின் கெயினை (எவ்வளவு கடுமையாகத் திருத்துவது என்ற அளவை) எத்தனை முறை மாற்றினாலும் ஒரு நேரம் வால் துடிக்கும், ஒரு நேரம் சோம்பும்.

இந்த வேகத்தை ஓரிடத்தில் நிறுத்த மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. டிரான்ஸ்மிட்டரின் த்ராட்டில் கர்வை (ஸ்டிக்கின் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை சதவீதத் திறப்பு என்ற எண்வரிசையை) மட்டும் நம்புவது ஒன்று. ஃபுடாபா ஜிவி-1 போன்ற தனி கவர்னரை (எஞ்சின் வேகத்தை அளந்து த்ராட்டிலைத் தானே திருத்தும் கருவியை) வைப்பது இன்னொன்று. ஃபுடாபா சிஜிஒய்750, சிஜிஒய்760ஆர், மிகாடோ விபார், மைக்ரோபீஸ்ட் ப்ளஸ் மாதிரி ஃப்ளைபார்லெஸ் கருவிக்குள்ளேயே (ரோட்டரில் நிலைப்படுத்தும் தண்டு இல்லாமல் மின்னணுவால் ஹெலியை நிலைப்படுத்தும் பெட்டி) இருக்கும் கவர்னரைப் பயன்படுத்துவது மூன்றாவது. ஃப்ளைபார்லெஸ் ஏற்கெனவே ஹெலியில் இருந்தால் மூன்றாவதுதான் சரி. ஆனால் எதை எடுத்தாலும் முதல் வழியை, வேறு எதுவுமே இல்லை என்பதுபோல, முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். கவர்னர் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை த்ராட்டில் லிங்கேஜிலோ (சர்வோவையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பி) நீடிலிலோ (எரிபொருள் அளவைத் திருத்தும் ஊசித் திருகு) போய் முடிகின்றன.

கர்வ் மட்டும்

முதலில் லிங்கேஜ். ஸ்டிக் நடுவில், த்ராட்டில் 50 சதவீதத்தில் இருக்கும்போது சர்வோ ஆர்மும் கார்புரேட்டர் ஆர்மும் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கார்புரேட்டர் பாதி திறந்திருக்க வேண்டும். சப்-டிரிம் (சர்வோவின் நடு நிலையை நகர்த்தும் அமைப்பு) 0. இரு முனையிலும் டிராவல் (சர்வோ நகரும் அளவு) 90 முதல் 110 சதவீதத்துக்குள் முடிய வேண்டும். அதற்குள் வரவில்லையென்றால் எண்ணை 140க்கு ஏற்றாமல் சர்வோ ஆர்மில் வேறு துளைக்குப் பந்தை மாற்றுவதே முறை. முழுத் திறப்பில் சர்வோ முனகினால் எங்கோ முட்டுகிறது என்று அர்த்தம். கர்வோடு பறக்கும்போது இந்த முட்டல் பேட்டரியைத் தின்னும், அவ்வளவுதான். கவர்னர் வந்தபின் அதுவே கட்டுப்பாட்டைக் குலைக்கும்.

நார்மலுக்கு 0-25-45-65-90 என்று தொடங்கலாம். ஐடில்-அப்பில் (ஸ்டிக் கீழே வந்தாலும் எஞ்சின் வேகம் குறையாத, சாகசப் பறத்தலுக்கான நிலை) பிட்ச் பிளஸ் 11, மைனஸ் 11 பாகை என்று வைத்தால் 100-65-48-65-100 என்ற வி வடிவம் 50 வகை (0.50 கன அங்குல எஞ்சின்) ஹெலிக்கு நியாயமான தொடக்கம். நடு ஸ்டிக்கில் உருட்டும்போதும் புரட்டும்போதும் பிட்ச் பூஜ்யத்தில் இருந்தாலும் சைக்ளிக் (ஹெலியை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கட்டளை) சுமை இருக்கிறது. அதற்காக எலரானிலிருந்தும் (பக்கவாட்டுச் சாய்வு) எலிவேட்டரிலிருந்தும் (முன்பின் சாய்வு) த்ராட்டிலுக்கு 10 முதல் 15 சதவீத மிக்ஸ், ரட்டரிலிருந்து 5 சதவீதம் அளவில் கொடுக்கலாம். இடம் வலம் எந்தப் பக்கம் தள்ளினாலும் த்ராட்டில் கூடுகிறதா என்று எஞ்சினை நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். ஹோல்டில் (ஸ்டிக் எங்கிருந்தாலும் எஞ்சினை ஐடிலில் நிறுத்தும் சுவிட்ச்) இந்த மிக்ஸ் அணைந்திருப்பது அதைவிட முக்கியம். இல்லாவிட்டால் ஆட்டோரொட்டேஷன் (எஞ்சின் சக்தியில்லாமல் இறங்குவது) நடுவே சைக்ளிக்கைத் தள்ளும்போதெல்லாம் எஞ்சின் உறுமும்.

இந்த வழியில் பாகம் ஏதும் இல்லை, பழுதாகவும் ஏதுமில்லை. ஆனால் கர்வுக்கு எஞ்சினின் நிலை தெரியாது. காலைக் குளிரில் வைத்த நீடில் மதிய வெயிலில் மாறிப்போகும். டேங்க் காலியாகும்போது கலவை லீன் ஆகும், அதாவது அதில் எரிபொருள் குறையும். அதே 65 சதவீதத் திறப்பில் வேகம் வேறாக இருக்கும். மேலிருந்து மைனஸ் பிட்ச்சில் விழும்போது வி கர்வ் எஞ்சினைத் திறந்தே வைத்திருப்பதால் ஓவர்ஸ்பீடும் வரும். சும்மா ஹோவர், சற்று வேகமாக முன்னோக்கிப் பறத்தல் என்ற அளவோடு நிற்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய குறையில்லை.

நீடிலை மட்டும் இந்த நிலையிலேயே, அதாவது கவர்னர் அணைந்திருக்கும்போதே திருத்தி முடிக்க வேண்டும். கவர்னர் ஓடும்போது எஞ்சின் லீன் ஆகிச் சக்தி இழந்தால் அது த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து வேகத்தைக் காப்பாற்றிவிடும். காதுக்கு எல்லாம் சரியாகக் கேட்கும். உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும்.

தனி கவர்னர்

ஜிவி-1 செய்வது எளிய வேலை. கூலிங் ஃபேனில் ஒரு காந்தம், ஃப்ரேமில் அதை உணரும் ஒரு ஹால் சென்சார். ரிசீவரின் த்ராட்டில் சேனல் கவர்னருக்குள் போகும், அங்கிருந்து சர்வோவுக்கு. வேகத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு சேனல். ஆன்-ஆஃப்புக்கு மூன்றாவதையும் ஒதுக்கலாம்.

இதில் உயிர்நிலை காந்தம் ஒட்டுவதுதான். ஹெட் ஸ்பீட் 1,900, கியர் விகிதம் 8.5 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 16,150 சுற்று. மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒட்டிய அரை கிராம் காந்தத்தை அந்த வேகம் ஏறத்தாழ 2.9 கிலோ எடைக்கு நிகரான விசையோடு வெளியே இழுக்கும். சயனோ பசை அதிர்விலும் சூட்டிலும் விட்டுவிடும். துளையை ஆல்கஹாலால் துடைத்து, உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, மெதுவாக இறுகும் எபாக்ஸியில் பதித்து ஒரு இரவு விட வேண்டும். எதிர்ப்புறத்தில் சமநிலைக்கு அதே எடை வேண்டும். அங்கே இரண்டாவது காந்தம் வைத்தால் துருவத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே துருவத்தைக் காட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு எண்ணப்படும். கவர்னர் வேகம் இரட்டிப்பாகிவிட்டதாக நினைத்து எஞ்சினைப் பாதியிலேயே அடக்கும்.

சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. விட்டு, ஃபேனைக் கையால் மெல்லச் சுழற்றி, திரையில் வரும் சிக்னல் அளவைப் பார்க்க வேண்டும். ஜிவி-1இல் 60 சதவீதத்துக்கு மேல் வரவேண்டும். ஓரத்தில் தொங்கும் எண்ணோடு பறந்தால் நடுவானில் துடிப்பு விட்டுப்போகும். அப்போது கட்டுப்பாடு கர்வுக்குத் திரும்பும். கவர்னர் இருக்கிறதே என்று 70 சதவீதத்தில் நேர்கோடாகக் கர்வ் வைத்தவர்கள் அந்த நொடியில்தான் ஓவர்ஸ்பீடில் மாட்டுவார்கள். கர்வைப் பழுதில்லாமல் முடித்திருந்தால் அதே கோளாறில் ஹெலி சாதாரணமாக வந்து இறங்கும்.

அடுத்து கியர் விகிதம். பெட்டியில் எழுதியதை நம்பாமல் பற்களை எண்ணுவது நல்லது. மெயின் கியர் 87, பினியன் (எஞ்சின் பக்கத்துச் சிறிய கியர்) 10 என்றால் 8.7. உண்மையில் 8.45 இருக்கும் ஹெலியில் 8.7 என்று உள்ளிட்டு 2,000 கேட்டால் பிளேடு 2,059 சுற்றும்.

பிறகு லிமிட் செட்: ஐடில், முழுத் திறப்பு, எஞ்சின் நிறுத்தம் என்ற மூன்று இடங்களையும் கவர்னர் கற்றுக்கொள்கிறது. இதற்குப் பின் டிராவலையோ சப்-டிரிமையோ தொட்டால் மீண்டும் கற்பிக்க வேண்டும். இந்தப் படியை மறந்துவிட்டு, கவர்னர் தானாக விலகுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

தனி கவர்னரின் உண்மையான வரம்பு, வேகம் சரிந்த பிறகுதான் அதற்குச் செய்தி போகிறது என்பது. திடீரென பிட்ச்சை ஏற்றும்போது ஒரு கணம் சரிந்து பிறகு மீளும். கெயினைக் கூட்டி அந்தச் சரிவை மறைக்கப் பார்த்தால் ஹோவரில் எஞ்சின் ஏறியிறங்கி ஓலமிடும், வால் அதற்கேற்ப ஆடும். மந்தமான த்ராட்டில் சர்வோவும் இதே ஓலத்தைத் தரும். 60 பாகைக்கு 0.10 விநாடி அளவில் நகரும் டிஜிட்டல் சர்வோ போட்டுவிட்டுத்தான் கெயினைக் குறை சொல்ல வேண்டும். பழைய தனி கவர்னர்கள் 6 வோல்ட் காலத்தவை. ரிசீவருக்கு 2 செல் லிப்போவை நேரடியாகக் கொடுப்பதானால் வோல்டேஜ் வரம்பைப் பார்த்துவிட்டுச் செருகவும்.

ஃப்ளைபார்லெஸுக்குள் இருக்கும் கவர்னர்

சென்சார் அதே, காந்தம் அதே, ஒட்டும் வேலையும் அதே. வேறுபாடு ஒன்றுதான்: பிட்ச் ஏறப்போவது இதற்கு முன்கூட்டியே தெரியும். கலெக்டிவ், சைக்ளிக், ரட்டர் கட்டளைகள் எல்லாம் இதே பெட்டி வழியாகத்தான் போகின்றன. வேகம் சரியும் வரை காத்திருக்காமல் சுமை வரும்போதே த்ராட்டிலைத் திறக்க முடிகிறது. அதனால் கெயினைக் குறைவாக வைத்தாலும் சரிவு தெரியாது. டிக்-டாக் மாதிரி கலெக்டிவை மாறி மாறி அடிக்கும் 3டி பறத்தலில் இந்த வித்தியாசம் காதாலேயே கேட்கும். வயரும் குறைவு, எடையும் குறைவு. ஆர்.பி.எம். பதிவைப் பார்க்க முடிகிற கருவியானால் எங்கே சரிந்தது என்று இறங்கியபின் சரிபார்க்கலாம்.

எதிர்வாதம் ஒரே பெட்டியில் எல்லாம் குவிகிறது என்பது. அந்தப் பெட்டி செத்தால் கவர்னர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, ஹெலியே விழுந்துவிடும். ஆகவே கவர்னரைப் பொறுத்தவரை அது பெரிய வாதமில்லை. மெனு ஆழமாக இருப்பதுதான் உண்மையான தொல்லை. முன்னூட்ட அளவை (சுமை வரும்போதே த்ராட்டிலை எவ்வளவு திறப்பது என்பதை) அதிகம் வைத்தால் பிட்ச் ஏற்றும்போது வேகம் சரிவதற்குப் பதில் எகிறும். அதைக் கெயின் கோளாறு என்று தவறாகப் படிக்க வாய்ப்பு அதிகம். கெயினை முதலில் ஹோவரில் சரிசெய்து, முன்னூட்டத்தைப் பிறகு முழுப் பிட்ச் ஏற்றத்தில் தொடுவது குழப்பத்தைக் குறைக்கும்.

இரண்டு வகைக் கவர்னருக்கும் பொதுவான ஒரு குருட்டுப்புள்ளி: அவை அளப்பது எஞ்சினை, ரோட்டரை அல்ல. க்ளட்ச் வழுக்கினால் திரையில் 1,900 நிற்கும், மேலே 1,800தான் சுற்றும். மைனஸ் பிட்ச் இறக்கத்தில் ரோட்டரைக் காற்று சுழற்றினால் ஒன்-வே பேரிங் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பேரிங்) விலகிக்கொள்ளும். எஞ்சின் குறித்த வேகத்தில் சாதுவாக நிற்க, பிளேடு அதைத் தாண்டி ஓடும். எந்தக் கவர்னராலும் அதற்குப் பிரேக் போட முடியாது. ஆகவே ஆப்டிகல் டேக்கோமீட்டரால் ஒருமுறை பிளேடையே நேராக அளந்து திரையோடு ஒப்பிட வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரில்

90 வகைக்கு நார்மல் 1,650, ஐடில்-அப் 1இல் 1,800, ஐடில்-அப் 2இல் 1,900 என்று தொடங்கலாம். 50 வகைக்கு ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 வரை கூட்டலாம். பிளேடு தயாரிப்பாளர் குறித்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. கவர்னர் சேனலை ஃப்ளைட் கண்டிஷன் சுவிட்சோடு கட்ட வேண்டும், தனிச் சுவிட்சில் விடக் கூடாது. டிரான்ஸ்மிட்டரில் சதவீதமாகத்தான் தெரிகிறது என்றால், ஹெலியில் இருக்கும் கருவியின் திரையில் ஆர்.பி.எம். எண்ணைப் பார்த்துக்கொண்டே சதவீதத்தை நகர்த்தினால் போதும்.

ஹோல்டில் கவர்னர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். த்ராட்டில் 25 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதும் அது உறங்க வேண்டும். ஸ்டார்ட் செய்த ஹெலியைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் விரல் பட்டு ஐடில்-அப்புக்குப் போனால், கர்வ் என்றாலும் கவர்னர் என்றாலும் எஞ்சின் முழு வேகம் பிடிக்கப் பார்க்கும். ரோட்டர் தலையைப் பிடித்திருக்கும் கை போய்விடும். எனவே ஹோல்ட் போட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவைத்து ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, கவர்னர் எங்கே விழிக்கிறது, எங்கே உறங்குகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்மோட்டார் ஹெலிக்கு ஒரு வார்த்தை. அங்கே போட்டி இஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் கவர்னருக்கும் ஃப்ளைபார்லெஸ் கவர்னருக்கும். முன்யோசனை காரணமாக இரண்டாவதே இங்கும் முந்தும். ஆனால் இஎஸ்சி கவர்னர் நன்றாகவே ஓடும், ஆர்.பி.எம். வயரும் தேவையில்லை. தேவை மிச்சசக்தி: 12 செல் பேக் சுமையில் 42 வோல்ட்டுக்கு இறங்கும்போது, 500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்று) மோட்டார், விகிதம் 10 என்றால், சுமையே இல்லாமல் உச்சமே 2,100தான். அதில் 2,000 கேட்டால் பேக் பாதியிலேயே வேகம் சரியத் தொடங்கும். சதவீதத்தைக் கூட்டிப் பயனில்லை, பினியனை ஒரு பல் பெரிதாக்க வேண்டும். ஃப்ளைபார்லெஸ் கவர்னரை இயக்கினால் இஎஸ்சியை வெளிக்கவர்னர் முறைக்கோ லீனியர் முறைக்கோ மாற்றியாக வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்று திறக்க, மற்றது மூட, ஹெட் ஸ்பீட் அலைந்துகொண்டே இருக்கும்.