சிடியில் படம் அச்சடிக்கக் கொடுப்பவர்களே, 6,500 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன்

அப்பாவின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. 100 சிடியிலும்.

வரும் ஞாயிறு அப்பாவுக்கு வருஷத் திதி. மார்கழி பஜனையில் அவர் பாடிய திருப்புகழைச் சிடியில் ஏற்றி, மேலே அவர் படத்தை அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைத்தோம். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு பிரிண்டிங் கடையில் கொடுத்தேன். சிடிக்கு 65 ரூபாய், மொத்தம் 6,500 ரூபாய். அம்மா தன் குடும்ப பென்ஷனில் எடுத்துத் தந்த பணம்.

கடையில் இருந்தவர் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார். வெள்ளைப் பூச்சு சிடியில் நேராக அச்சடித்த கல்யாணப் படம், அவ்வளவு தெளிவு. அப்பா படத்தைப் பார்த்ததும், "ஐயா முகத்துல என்ன களைண்ணே! வாட்ஸ்அப்ல அனுப்பிட்டுப் போங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்பாவை ஐயா என்றதும் மனசு இளகிவிட்டது. மாதிரி அடித்துக் காட்டச் சொல்லவில்லை, பில்லும் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பெட்டியைப் பிரித்தால் இந்தக் கோலம். சிடியின் குறுக்களவு 120 மி.மீ., நடு ஓட்டை 15 மி.மீ. முகத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்திருந்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை. அதுவும் நேர் அச்சு இல்லை, காகித ஸ்டிக்கர். சித்தப்பா காரில் போட்டுப் பார்த்தார். ஓரம் பிரிந்து பிளேயருக்குள் சிக்கிக்கொண்டது. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

போன் செய்தால், "போட்டோ நீங்க குடுத்ததுதானேண்ணே." மறுநாள், "முதலாளி வெளியூர் போயிருக்காரு." நேற்று நேரிலேயே போனேன். "அச்சடிச்சதைத் திருப்பி வாங்க மாட்டோம், இந்த ரேட்டுக்கு இவ்வளவுதான் வரும்." 6,500 ரூபாய் இவ்வளவுதானா? இப்போது போனையே எடுப்பதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதையாவது கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லை பென்டிரைவில் கொடுங்கள். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சுக்குப் படம் நீளத்திலும் அகலத்திலும் 1,417 பிக்சலாவது இருக்க வேண்டும். முகம் நடுவில் வரவே கூடாது. ஸ்டிக்கரா, நேர் அச்சா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு சிடி அடித்துக் காட்டாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள். மதுரையில் நேர் அச்சு செய்பவர் யாரையாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். 20 சிடி கிடைத்தால்கூடப் போதும்.