12.00 வைத்தால் 8.00 காட்ட வேண்டும்: நான் வாங்கிய சிக்னல் ஜெனரேட்டர்

காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன் நான். பேனலில் டிஜிட்டல் சமாச்சாரம் என்றால் எனக்குப் பயமே கிடையாது. லிமிட் ஸ்விட்ச், ஃப்ளோட், பிரஷர் ஸ்விட்ச் எதுவானாலும் சிக்னல் வந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. 24 வோல்ட் வந்தால் பிஎல்சி (மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) இன்புட்டில் லைட் எரியும். வழியில் நாலு வோல்ட் தொலைந்து 20 வந்து சேர்ந்தாலும் எரியும். பொதுவாக 15-க்கு மேல் ஆன், 5-க்குக் கீழே ஆஃப். வயரைக் கழற்றி 24 வோல்ட்டைத் தொட்டுக் காட்டினால் சோதனை முடிந்தது.

அனலாக்கில், அதாவது சிக்னலின் அளவே சேதியாக இருக்கும் இடத்தில், அந்த வித்தை செல்லாது. எங்கள் பாய்லரில் 0 முதல் 16 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. 4 முதல் 20 மில்லிஆம்ப் அனுப்பும். பாருக்கு ஒரு மில்லிஆம்ப், அதோடு 4 சேர்த்துக்கொண்டால் கணக்கு சரி. 8 பார் என்றால் 12. (ஃபயர்மேன் அதை 8 கிலோ என்பார், சதுர சென்டிமீட்டருக்கு. இரண்டு சதவீத வித்தியாசம்தான், அதற்கு எதற்குச் சண்டை.) வழியில் 0.3 மில்லிஆம்ப் ஏறினால் எந்த லைட்டும் காட்டிக்கொடுக்காது. அதுவும் 0.3 பார் ஆகித் திரையில் உட்கார்ந்துகொள்ளும்.

போன மாதம் அதுதான் நடந்தது. பிரஷர் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. "டிரான்ஸ்மிட்டர் போயிருச்சுங்கண்ணா" என்றார் ஃபயர்மேன். புதுசு வாங்க முதலாளியிடம் கேட்பதற்கு முன்னால் டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக நாம் வைக்கும் மில்லிஆம்பை அனுப்பும் இந்த சிக்னல் ஜெனரேட்டரை ஆன்லைனில் வாங்கினேன். பெயர் சொல்லும் பிராண்டு இல்லை, விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் உள்ளே. ஃப்ளூக் மாதிரி கம்பெனி கருவி இதைப்போலப் பல மடங்கு கேட்கும்.

உள்ளங்கை அளவுதான். ஒரே ஒரு குமிழ்: திருகினால் எண் மாறும், அழுத்தினால் அடுத்த இலக்கத்துக்குப் போகும். 4, 8, 12, 16, 20 என்று படிப்படியாகத் தாவவும் வழி உண்டு. 0 முதல் 10 வோல்ட்டும் தரும். என் மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்ததில் 12.00-க்கு 12.01, 20.00-க்கு 19.98. காலிபரேஷன் சான்றிதழ் போட இது போதாது. பழுது தேட தாராளம்.

முதல் நாளே நான் ஒரு தப்பு செய்தேன். இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் கருவியே கரண்ட்டைத் தள்ளும். இன்னொன்றில், பேனலிலிருந்து வரும் 24 வோல்ட்டை வாங்கி, இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் போல நடிக்கும். எங்கள் லூப்பில் (பேனலுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையே கரண்ட் ஓடும் வட்டம்) ஏற்கெனவே 24 இருக்கிறது. நான் தள்ளும் முறையில் வைத்து மாட்டிவிட்டேன். எண் தாறுமாறாக ஓடியது. நல்லவேளை, எதுவும் புகையவில்லை. கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரிகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ஆறிக் கிடந்தபோது வேலையை ஆரம்பித்தேன். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு அந்த வயரிலேயே கருவியை மாட்டி 12.00 வைத்தேன். திரையில் 8.00. புகையை இழுத்து நெருப்பைத் தூண்டும் ஐடி ஃபேனை மேனுவலில் ஓட்டச் சொன்னேன். 8.1, 8.3, 7.9 என்று ஆட்டம் தொடங்கியது. அதே கருவியைப் பேனல் டெர்மினலுக்குக் கொண்டுவந்து மாட்டினால், ஃபேன் ஓடியும் 8.00 அசையவில்லை. ஆக, டிரான்ஸ்மிட்டர்மேல் பழி இல்லை, சிக்னலை வாங்கும் பிஎல்சி கார்டுமேலும் இல்லை. இடையில் கிடக்கும் கேபிள்தான். ஃபேன் ட்ரைவின் (ஸ்பீடை மாற்றும் பெட்டி) பவர் கேபிளோடு அதே ட்ரேயில் ஒட்டிப் படுத்திருந்தது. கேபிளைச் சுற்றிய உலோகக் கவசமான ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். ஒரு முனையைப் பிரித்துவிட்டு, கேபிளைத் தனிப் பைப்பில் கொண்டுபோனேன். ஆட்டம் நின்றது.

கையோடு இன்னொன்றும் பார்த்தேன். கிளிப்பைச் சட்டென்று கழற்றினேன். வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியவேண்டுமே. பூஜ்யம் பாருக்கே 4 மில்லிஆம்ப் என்று வைத்திருப்பது அதற்காகத்தானே: 0 வந்தால் வயர் போய்விட்டது என்று பிஎல்சி புரிந்துகொள்ளலாம். ஆனால் எங்கள் திரை மைனஸ் 4.00 பார் என்றது! புரோகிராமில் யாரும் அந்தச் சோதனையைப் போடவில்லை. பிரஷரே இல்லை என்று நினைத்து, ஆட்டோவில் ஃபேன் ஸ்பீடு கட்டளை 50 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. ட்ரைவுக்கு சப்ளையை நிறுத்தி வைத்திருந்தேன், அதனால் சும்மா வேடிக்கை பார்த்தேன். நெருப்பு எரியும்போது அறுந்திருந்தால், தனியாக வயர் போட்ட அந்தப் பழைய பிரஷர் ஸ்விட்ச்சும் அதற்குப் பிறகு சேஃப்டி வால்வும்தான் கதி. இப்போது 3.6 மில்லிஆம்புக்குக் கீழே போனால் அலாரம் அடித்து ஃபேன் நிற்கிற மாதிரி புரோகிராமரை வைத்து மாற்றியாயிற்று. நாமூர் என்ற ஆட்டோமேஷன் சங்கத்தின் பரிந்துரையில் டிரான்ஸ்மிட்டர் பழுதுக்குச் சொல்லும் அளவும் அதுதான்.

கருவியின் குறைகள்: முதலை கிளிப் மகா மட்டம், இரண்டாம் நாளே வயர் கழன்றது, நானே வேறு போட்டுக்கொண்டேன். வெயிலில் திரை தெரியாது. டைப்-சி சார்ஜரில் மாட்டியபடி உபயோகித்தால் கடைசி இலக்கம் துள்ளுகிறது. சார்ஜ் ஏற்றிக் கழற்றிவிட்டே வேலைக்கு எடுங்கள். பேட்டரி ஒரு ஷிஃப்டுக்குக் குறையாமல் வருகிறது.

நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போன வாரம் பக்கத்து ஆலை எலக்ட்ரீஷியன் "ஒரு நாளைக்குக் குடுங்கண்ணா" என்று வாங்கிப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை.