மெல்லத் தளரும் காந்தம்: தனித்தனித் தடைகளா, கூட்டு உறைவா?

காந்தப்புலத்தை அணைத்த பிறகும் சில பொருள்களின் காந்தமாக்கம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும். ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன.

முதலாவது 1949-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் தந்தது. ஒவ்வொரு நானோ துகளும் தனக்கென உள்ள ஆற்றல் தடையை வெப்பத்தின் உதவியோடு தனியாகத் தாண்டுகிறது. எடுக்கும் நேரமோ தடையைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் கூடுகிறது. தாண்டும் ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை ஒரு நானோ நொடி என்று கொள்வோம். தடை வெப்ப ஆற்றலைப்போல் 25 மடங்கு என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 40 மடங்கு என்றால் ஏழு ஆண்டுகளுக்கும் மேல்! தடை துகளின் கனஅளவுக்கு ஏற்பக் கூடுவதால், விட்டம் 17 சதவீதம் பெருத்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். அதனால், பல அளவுத் துகள்கள் கலந்த மாதிரியில் காந்தமாக்கம் 1 முதல் 10 நொடிக்குள் விழும் அளவே 10 முதல் 100 நொடிக்குள்ளும் ஏறக்குறைய விழுகிறது. மடக்கைத் தளர்வு என்பது இதுதான்.

இரண்டாவது, ஸ்பின் கண்ணாடி: அணுக்களின் குட்டிக் காந்தங்கள் (ஸ்பின்கள்) ஒழுங்கற்ற திசைகளில் உறைந்த நிலை. செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்தால், அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தைப் பொறுத்து ஒரு ஜோடி ஒரே திசையை விரும்பும், இன்னொன்று எதிர்த்திசையை. எல்லோரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த வழியில்லை. இங்கே தனி ஆளின் தடை என்று எதுவும் இல்லை, கூட்டமே உறைகிறது.

தளர்வு வளைகோட்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முயல்வது வீண். லேடன் ஜாடியின் (மின்னூட்டம் சேமிக்கும் பழைய கண்ணாடிக் கலம்) மின்னூட்டம் தேய்வதை விவரிக்க 1854-இல் கோல்ராவுஷ் எழுதிய நீட்டிய அடுக்குக்குறிச் சமன்பாடு இரண்டுக்குமே பொருந்திவிடும். அதிர்வெண் சோதனை பரவாயில்லை. மாறுதிசைக் காந்தப்புலத்தின் அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்கினால், ஏற்புத்திறன் (புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) உச்சத்தைத் தொடும் வெப்பநிலை செம்பு–மாங்கனீசில் அரை சதவீத அளவே நகரும். தனித் துகள்களில் பத்து சதவீதத்தை ஒட்டி நகரும். ஆனால் ஒன்றையொன்று பாதிக்கும் துகள்கள் இடையில் எங்காவது வந்து குழப்பும்.

நான் நம்புவது நினைவுச் சோதனையை. புலமே இல்லாமல் குளிர்விக்கும்போது, ஸ்பின்கள் உறையும் நிலைக்குக் கீழே ஒரு வெப்பநிலையில் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, மேலும் குளிர்வியுங்கள். பிறகு சிறிய புலம் கொடுத்துச் சூடாக்கினால், ஸ்பின் கண்ணாடியின் காந்தமாக்க வளைகோடு, நீங்கள் நிறுத்திய அதே வெப்பநிலையில் ஒரு பள்ளத்தைக் காட்டும். காத்திருந்த நேரத்தில் அதன் ஸ்பின்கள் தங்களுக்குள் ஒழுங்கை வளர்த்துக்கொண்டன. தனித் துகளுக்கு அப்படி வளர்க்க எதுவும் இல்லை. புலம் இல்லாதபோது மேல், கீழ் இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. எவ்வளவு நேரம் காத்தாலும் அது மாறாது. ஆகவே பள்ளமும் இல்லை.

இதையே புலத்தோடு குளிர்வித்துச் செய்தால் இரண்டு வகையும் நினைவுத் தடத்தைக் காட்டும். அதை ஸ்பின் கண்ணாடிக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. இன்னொன்று, பள்ளம் மிகச் சிறியது. நிறுத்தாமல் எடுத்த வளைகோட்டையும் அதே வேகத்தில் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால்தான் தெளிவாகத் தெரியும்.