குளிர்காலம் முழுக்க மாய்ஸ்சரைசர்: டப்பா எத்தனை நாளில் தீர்கிறது?

மாய்ஸ்சரைசர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாசம் எப்படி, பிசுபிசுக்கிறதா, தடவியதும் பளபளக்கிறதா, அவ்வளவுதான். முதல் வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். குளிர் தொடங்கி மூன்றாவது மாதத்தில்தான் சாயம் வெளுக்கும். அப்போது முகத்தைப் பார்த்துப் பயனில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவான இடம் அது. நகத்தால் லேசாக ஒரு கோடு இழுங்கள். சாக்பீஸில் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு விழுந்து, துடைத்தால் தூளாக வந்தால், எவ்வளவு உசத்தியான க்ரீம் வாங்கியிருந்தாலும் பயன்பாட்டில் ஏதோ பிசகு.

பெரும்பாலும் அது அளவுப் பிசகு. தோல் மருத்துவத்தில் 'விரல்நுனி அளவு' என்று ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். இந்த விரல்நுனி அளவில் ஒரு காலுக்கு 6, பாதத்துக்கு 2. ஒரு கைக்கு 3, மணிக்கட்டுக்குக் கீழே 1. முகம், கழுத்துக்கு இரண்டரை. மார்பும் வயிறும் 7, முதுகும் அதன் கீழும் 7. இரண்டு கை, இரண்டு காலும் சேர்த்துக் கூட்டினால் சுமார் 40 அளவு, அதாவது உடம்பு முழுக்க ஒரு தடவைக்கு 20 கிராம். தினம் ஒரு தடவை பூசினால் 500 கிராம் டப்பா 25 நாளில் தீர வேண்டும். கைகால்களுக்கு மட்டும் என்றால் ஒரு நாளைக்கு 12 கிராம், டப்பா 40 நாள் வரும். 200 மி.லி. பாட்டில் குளிர்காலம் முழுக்க வந்தது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் அதைப் பயன்படுத்தவே இல்லை என்று அர்த்தம். பம்ப் பாட்டில் என்றால் ஒரு சின்னத் தராசில் பத்து அழுத்து அழுத்தி எடை பாருங்கள். ஒரு அழுத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

இவ்வளவு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் அதே காற்று 17 கிராம் தாங்கும். வெளியே 0 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 20 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏற்றும், அவ்வளவே. மீதிப் பசிக்கு அந்தக் காற்று தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொள்ளும் இடம் தோலின் மேலடுக்கு. உள்ளங்கை, உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில் அது காகிதத்தைவிட மெல்லியது. செத்த செல்கள் அடுக்கடுக்காக, இடையில் செராமைட் என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த பூச்சு. அதில் நீர் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வளைந்து கொடுக்காமல் பொரியத் தொடங்கும். தண்ணீர் நிறையக் குடித்தால் தோல் காயாது என்பார்கள். உடம்பில் நீர்ச்சத்து ஏற்கெனவே சரியாக இருப்பவருக்கு, கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் அந்த மேலடுக்குக்குப் பெரிதாக உதவாது. ஆவியாகிப் போவதைத் தடுக்க வேண்டும்.

லோஷன், க்ரீம், ஆயின்மென்ட் மூன்றும் இங்கேதான் பிரிகின்றன. லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். தடவியதும் குளுகுளுவென்று இருக்கும், சீக்கிரம் உள்ளே போய்விடும். கடுங்குளிரில் மதியத்துக்குள் கால் மறுபடி இழுக்கும். கையும் கழுத்தும் தாங்கும், முழங்கால் தாங்காது. கிளிசரினும் செராமைடும் டைமெத்திகோன் என்ற சிலிகோனும் உள்ள கெட்டியான க்ரீம்தான் நீண்டகாலப் பயன்பாட்டில் பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. ஆயின்மென்ட் வகையில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஒன்றுமில்லை. தோலிலிருந்து ஆவியாகும் நீரை 98 சதவீதம் வரை அது தடுக்கும். மற்ற எண்ணெய்ப் பொருள்கள் பெரும்பாலும் 20, 30 சதவீதத்தோடு சரி. குறை ஒன்றுதான்: உடையில் ஒட்டும். பட்டாணி அளவு எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துச் சூடாக்கி, ஈரத்தோலில் ஒற்றினால் பாதி ஒட்டல் குறையும். விரலால் வழித்து அப்பினால் போர்வைக்குத்தான் ஈரப்பதம் கிடைக்கும்.

ஈரத்தோல் என்பதுதான் முக்கியம். காய்ந்த தோலில் ஜெல்லியைத் தடவினால் உள்ளே பூட்டி வைக்க அங்கே தண்ணீர் குறைவு. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் இன்னும் சற்றே நசநசவென்று இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், குளியலறையிலேயே பூசுங்கள். க்ரீம் டப்பா படுக்கையறையில் இருந்தால் இந்தப் பழக்கம் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். குளியலறை அலமாரிக்கு மாற்றினால் நீடிக்கும். முடி படிந்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைபட்டுச் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். பழி க்ரீம் மேல் விழும்.

கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது குளிருக்குச் சுகம்தான். ஆனால் அந்தச் சூடு மேலடுக்கின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. சாதாரண சோப்பின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10, அதாவது காரம்; தோலின் பி.எச். 5-ஐ ஒட்டியது, லேசான அமிலம். அதனால் சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று தேவைப்படும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கைகால்களுக்குத் தினமும் தேவையில்லை. க்ரீம் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பத்து நாளில் வித்தியாசம் தெரிவது உண்டு.

யூரியா க்ரீம் தனி ரகம். யூரியா 5 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 20-க்கு மேல் போனால் தடித்த செதிலை இளக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, குதிகாலுக்கு வாங்கிய 25 சதவீதத்தைக் கையிலும் முகத்திலும் பூசி எரிச்சல் என்று புலம்புகிறவர்கள் நிறைய. வெடித்த தோலில் 5 சதவீதமே சுருக்கென்று எரியும். எரிந்தால் நான்கைந்து நாள் வெறும் ஜெல்லிக்கு மாறி, வெடிப்பு மூடிய பிறகு திரும்பலாம். கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் யூரியா வேண்டாம்.

பித்தவெடிப்புக்கு அந்த 25 சதவீதம் சரியான இடம். பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, சொரசொரப்பான நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா பூசி, மேலே ஜெல்லி, அதற்கு மேல் பருத்திச் சாக்ஸ். இரவில் இப்படி இரண்டு வாரம். பிளேடு எடுத்துச் சீவுவது கூடவே கூடாது. சீவச் சீவத் தோல் இன்னும் தடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேய்க்கும் வேலையையே மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கை விஷயத்தில் தோல்விக்குக் காரணம் எண்ணிக்கை. ஒரு நாளில் பத்துத் தடவை கழுவி, ஒரே ஒரு தடவை பூசினால் எப்படித் தாங்கும்? கழுவும் தொட்டி பக்கத்திலேயே சின்ன ட்யூப் இருக்கட்டும். பாத்திரம் கழுவக் கையுறை. மோதிரத்தைக் கழற்றிக் கழுவுங்கள். அடியில் தங்கும் சோப்பில்தான் முதல் அரிப்பு தொடங்கும். சானிடைசர் வாங்கினால் கிளிசரின் உள்ளதாகப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே 1.45 சதவீதம் கிளிசரின் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உதட்டுக்கு வாசனையில்லாத ஜெல்லி போதும். மென்தால், கற்பூரம் சேர்த்த பாம் 'வேலை செய்கிற' மாதிரி குளிர்ந்து காட்டும். வெடித்த உதட்டை அது இன்னும் உறுத்தும், நாக்கு தானாக அங்கே போகும், எச்சில் காயும்போது உதடும் கூடவே காயும்.

எண்ணெய் பற்றியும் கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் லேசான வறட்சிக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஈரத்தோலில் பூசினால். ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அதில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் மேலடுக்கின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை.

லேபிளில் இரண்டு இடம் ஏமாற்றும். 'அன்சென்டட்' என்றால் வாசமே சேர்க்கவில்லை என்று பொருளல்ல, மூல வாசத்தை மறைக்க வேறொரு வாசம் இருக்கலாம்; 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்று தேடுங்கள். செட்டெரில் ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அது மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், தோலைக் காய வைக்காது. சீக்கிரம் ஆவியாகித் தோலைக் காய வைக்கும் ஆல்கஹால் டினாட் முதல் நான்கைந்து பெயருக்குள் வந்தால் குளிர்காலத்துக்கு அது ஆகாது.

காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் உதவும், பராமரித்தால். அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும். ஜன்னலில் நீர் கோத்து வழிந்தால் அதிகம், பூஞ்சை வரும். தண்ணீர் தினமும் மாற வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதிர்வால் நீரைப் பனிமூட்டமாக்கும் அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேஜையெல்லாம் வெள்ளைத் தூள் படியும். அது தண்ணீரிலிருந்த உப்பு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: க்ரீம், ஜெல்லி ஊறிய துணி வேகமாகத் தீப்பிடிக்கும். குளிர்காலம் என்றால் ஹீட்டரும் நெருப்பும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தடவை துவைத்தால் முழுதாகப் போகாது, ஆகவே தள்ளியே உட்காருங்கள்.

வறண்ட ஆற்றுப் படுகை மாதிரி காலில் சிவந்த விரிசல் ஓடினாலோ, காசு வட்டத்தில் நீர் கசிந்தாலோ, தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தாலோ, இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தோலில் ஒன்றும் தெரியாத அந்த அரிப்புக்குத் தைராய்டு, சிறுநீரகம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம்.

மீதமான க்ரீமை அடுத்த குளிருக்கு வைக்கலாமா என்றால், மூடி திறந்த டப்பா படத்துக்குள் 12M என்று போட்டிருப்பதைப் பாருங்கள். திறந்து 12 மாதம் என்று பொருள். காரில் கிடந்து உறைந்து, பிறகு மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்திருந்தால் கலக்கிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியில் தண்ணீரே இல்லை. ஈரக்கை போடாமல் வைத்திருந்தால் அடுத்த வருஷமும் அதையே எடுக்கலாம்.