ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: நடுத்தரப் பிரிவில் எதை எடுப்பது?

கேம் விளையாடுவதற்காக நடுத்தரப் பிரிவில் கிராஃபிக்ஸ் கார்டு தேடுபவர்களில் பலர் இன்று இரண்டு பெயர்களுக்கு இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, 2025 ஏப்ரலில் வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. மற்றொன்று, அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. ஆனால் எந்த நிறுவனம் என்ற விவாதத்துக்குள் போவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரு நிறுவனங்களுமே ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி நினைவகம் என இரண்டு வகைகளை விற்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் வாங்குபவர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால் இப்படிப் பெயர் வைத்ததே முறையல்ல. 16 ஜிபி கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இரு நிறுவனங்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி சிறியது. ஒரே நிறுவனத்தின் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் இடையில் உள்ளதோ, கனமான புதிய கேம்களில் அதைவிடப் பெரியது.

இதன் காரணத்தைச் சற்று விளக்கமாகவே பார்க்கலாம். 5060 டிஐ தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவைப் படிக்கிறது. கேமின் டெக்ஸ்சர்கள், அதாவது பொருட்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்கள், அந்த நினைவகத்தில் இடம் போதாமல் வழிந்தால், மீதமுள்ளவை கணினியின் ரேமில் போய் உட்கார்ந்துகொண்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக வந்துபோக வேண்டியிருக்கும். அந்த ஸ்லாட்டில் தரவு செல்லும் 16 தடங்களில் இந்தக் கார்டு பயன்படுத்துவது 8 மட்டுமே என்பதால், பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான். விளைவு, நொடிக்கு வரையப்படும் ஃபிரேம்களின் (படங்களின்) சராசரி எண்ணிக்கை நன்றாகவே தெரிந்தாலும், ஒரு தெருமுனையில் கேமராவைத் திருப்பும் கணத்தில் படம் திக்கி நிற்கும். சில கேம்கள் திக்காமல் வேறு தந்திரம் செய்கின்றன: உயர்தர டெக்ஸ்சரை ஏற்றாமலேயே விட்டுவிடுகின்றன. சுவரில் உள்ள எழுத்தை நோக்கி எவ்வளவு நெருங்கிப் போனாலும் அது மங்கலாகவே இருக்கும். திரையோரத்தில் ஓடும் ஃபிரேம் எண் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். ஆகவே சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரியோடு நின்றுவிடாமல், மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் அளவையும் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு முரண் என்னவென்றால், 8 ஜிபி கார்டை விற்பதற்கு முன்னிறுத்தப்படும் ரே டிரேசிங்கும் (ஒளியைக் கதிர்களாகக் கணக்கிடுவது) ஃபிரேம் ஜெனரேஷனும் (இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது) தாங்களே கூடுதல் நினைவகத்தைக் கேட்பவை.

9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 அல்லது 5.0 மதர்போர்டு வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. ஆனால் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள ஏஎம்டி பி450 வகை மதர்போர்டையோ, இன்டெல் 10ஆம் தலைமுறை அல்லது அதற்கு முந்தைய பிராசசரையோ வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு, தராசு ஏஎம்டி பக்கம் சாய இதுவே போதுமான காரணம்.

16 ஜிபி வகைகளை நேருக்கு நேர் வைத்தால், வழக்கமான ரெண்டரிங்கில் 5060 டிஐ சற்று முன்னே நிற்கிறது. விளையாடும்போது அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். ரே டிரேசிங்கிலும் ஏஎம்டி முந்தைய தலைமுறையைவிட நன்றாகவே முன்னேறியிருக்கிறது. ஆனால் ஒளி முழுவதையும் கதிர்களாகவே கணக்கிடும் பாத் டிரேசிங் வந்துவிட்டால் என்விடியாவின் முன்னிலை தெளிவாகத் தெரிகிறது. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் தொழில்நுட்பத்தில், தன் எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத்தரத்தில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஏஎம்டியும் வந்துவிட்டது. எண்ணிக்கையில்தான் பின்தங்குகிறது, ஏனெனில் டிஎல்எஸ்எஸ்ஸை ஆதரிக்கும் கேம்கள் அதிகம். உங்களுக்குப் பிடித்த நான்கைந்து கேம்கள் எதை ஆதரிக்கின்றன என்று பார்த்துக்கொள்வது பொதுவான எந்தத் தரவரிசையையும்விடப் பயனுள்ளது.

என்விடியா பெரிதாக விளம்பரப்படுத்தும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனை நான் ஒப்பீட்டில் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையாக வரையப்பட்ட ஒரு ஃபிரேமுக்குப் பல செயற்கை ஃபிரேம்களை அது சேர்க்கிறது என்பதும், படம் வழுவழுப்பாகத் தெரிகிறது என்பதும் உண்மைதான். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை பதிலளிப்பதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறைவதில்லை. நொடிக்கு 30 ஃபிரேம் மட்டுமே உண்மையாக ஓடும் கேம், எண் 100ஐத் தாண்டினாலும் கைக்கு 30 போலவே, சில வேளை அதைவிடவும் மந்தமாகவே உணரப்படும். அடிப்படை வேகம் 60ஐ ஒட்டி இருந்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருந்தால் அது நல்ல கூடுதல் வசதி, அவ்வளவே.

கேமோடு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டரிங்கும் செய்பவர் என்றால் யோசிக்காமல் என்விடியாவை எடுக்கலாம். லினக்ஸில் விளையாடுபவருக்கு, திறந்த மூல டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலோடும் மெசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்போடும் சேர்ந்தே வருவதால் ஏஎம்டி தொந்தரவு குறைந்தது. இரண்டு கார்டுகளும் 200 வாட்டுக்குள் அடங்குவதால் மின்சாரச் செலவை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. இவை எதுவும் பொருந்தாமல், 1440பி திரையில் வழக்கமான கேம்களை மட்டும் விளையாடுபவருக்கு 16 ஜிபி 9060 எக்ஸ்டி போதும் என்பதே என் தேர்வு. 5060 டிஐ ஏறத்தாழ அதே விலைக்குக் கிடைக்கும்போது மட்டும் மறுபரிசீலனை செய்யலாம். 8 ஜிபி வகைகள், 1080பி திரையில் போட்டி கேம்களை மட்டும் விளையாடுபவருக்கே பொருந்தும்.

பணம் இன்னும் இறுக்கமாக இருந்தால் 2024 டிசம்பரில் வந்த இன்டெலின் ஆர்க் பி580ஐயும் பார்க்கலாம். 12 ஜிபி நினைவகமும் அதற்கான 192 பிட் அகலப் பாதையும் அதன் பலம். ஆனால் அதன் டிரைவர் பிராசசர் மீது அதிகச் சுமையை ஏற்றுவதால், பழைய ஆறு கோர் பிராசசரோடு சேரும்போது சோதனைகளில் காணும் வேகம் வீட்டில் கிடைக்காமல் போகலாம். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத மதர்போர்டில் நிலைமை இன்னும் மோசம். அந்த வசதி இருக்கிறதா, இயக்கப்பட்டிருக்கிறதா என்று பயாஸ் அமைப்பில் பார்த்துவிட்ட பிறகே பி580ஐ வாங்குவது நல்லது.